20,000 ரூபாயில் டைனிங் ஹாலை மாற்ற முடியுமா? நங்கநல்லூர் ஃபிளாட் ஒன்றின் கணக்கு!

டூ பி.ஹெச்.கே-ன்னு சொல்றோமே, அதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பெட்ரூமுக்கு ஒரு எழுத்து இருக்கு. ஹாலுக்கு இருக்கு. கிச்சனுக்கும் இருக்கு. தினமும் மூணு வேளை சாப்பிடுற இடத்துக்கு மட்டும் எழுத்தே கிடையாது. சென்னை ஃபிளாட்களில் டைனிங் என்பது ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல மிஞ்சின இடம். ஒரு பக்கம் பாத்ரூம் கதவு, இன்னொரு பக்கம் பெட்ரூம் கதவு, மூலையில ஃப்ரிட்ஜ், சுவரோரம் வாஷ் பேசின். இதுக்கு நடுவுல ஒரு டேபிள்.

நங்கநல்லூர்ல எங்க வீடும் அதே கதைதான். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில இருந்த தனி வீட்டை இடிச்சுட்டு ஆறு ஃபிளாட் கட்டினாங்களே, அந்த ரகம். 32 அடி ஆஞ்சநேயர் நிக்கிற ஊர்ல எங்க டைனிங் ஹாலோட மொத்த அகலம் 8 அடி. நீளம் 9 அடி. ஜன்னல் கிடையாது. பகல்லயே லைட் போடணும்.

இதை மாத்தணும்னு தோணினதுக்குக் காரணம் அழகு இல்லை. அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசை. அப்பா, தம்பி, நான் மூணு பேரும் டேபிள்ல. அம்மா அடுப்புக்கும் டேபிளுக்கும் நடையா நடக்கிறாங்க. ஏதோ ஒரு நினைப்புல எண்ண ஆரம்பிச்சேன். 14 தடவை வந்து போனாங்க. அடுப்புல இருந்து டேபிளுக்கு 11 அடி. போக, வர கணக்குப் போட்டா 300 அடிக்கு மேல. எல்லாம் முடிஞ்சதும் கடைசி தோசையை அடுப்படித் திண்டு மேலயே வச்சு, நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. "உக்காந்து சாப்பிடும்மா"ன்னேன். "எங்கடி உக்கார்றது?"ன்னாங்க. திரும்பிப் பார்த்தா, நியாயமான கேள்வி. நாலாவது நாற்காலியில இஸ்திரிக்குப் போற துணி மூட்டை. அதுக்கு நேரா டேபிள் மேல தம்பியோட ஹெல்மெட்.

எங்க வீட்டு டேபிள் ஆறு பேர் உட்காரக்கூடியது. 5 அடிக்கு 3 அடி. ஆனா அதுல மாத்திரை டப்பா, பழைய பேப்பர், ஈ.பி கார்டு, மூணு ஊறுகாய் பாட்டில், முறுக்கு டின், சார்ஜர், கேஸ் புக், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாம் போக, நிம்மதியா சாப்பிடக்கூடிய இடம் ரெண்டரை பேருக்குத்தான். அந்த அரை நான்தான்.

பட்ஜெட் 20,000 ரூபாய்னு முடிவு பண்ணினோம். எனக்கு வந்த தீபாவளி போனஸ்ல மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

முதல் தப்பு: டேபிள்ல இருந்து ஆரம்பிச்சது

டைனிங் ஹாலை மாத்தணும்னா எல்லாரும் முதல்ல போன்ல புது டேபிள் தேடுவோம். நானும் தேடினேன். ஒரு சைட்ல ரொம்ப அழகா ஒண்ணு. வட்ட டேபிள், மரக் கால், சாம்பல் நிற குஷன். ஆர்டர் போட்டாச்சு. டெலிவரி வந்தது. ரெண்டாவது மாடி படிக்கட்டு திருப்பத்துல மேல் பலகை திரும்பவே இல்லை. சாய்ச்சு, நிமிர்த்தி, கைப்பிடிச் சுவர் மேல தூக்கி, என்னென்னவோ பண்ணினாங்க. கடைசியில திருப்பி அனுப்பினோம். வண்டிச் சத்தம்னு 1,200 ரூபாய் பிடிச்சுக்கிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்லை. அளவு எல்லாம் அந்தப் பக்கத்துலயே போட்டிருந்தது. நான்தான் படம் மட்டும் பார்த்தேன்.

அதனால நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க. ரெண்டுக்கும் காசு கிடையாது.

முதல் வேலை, காலி பண்றது. டேபிள் மேல இருக்கிற அத்தனையையும் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு ஓரமா வைங்க. யாருக்கு எது வேணுமோ பெட்டியில இருந்து எடுத்துக்கட்டும். ஒரு வாரம் கழிச்சு பாருங்க. எங்க வீட்டுல ஏழு நாள்ல வெளியே வந்தது மாத்திரை டப்பா, ஒரே ஒரு ஊறுகாய் பாட்டில், ஒரு சார்ஜர். மத்ததெல்லாம் அங்க குடியிருக்க எந்த நியாயமும் இல்லை. வெளியே வந்த மூணுக்கு மட்டும் நிரந்தரமா ஒரு இடம் வேணும். அப்பாவோட மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னாடி போடுறது. அதைக் கொண்டுபோய் பெட்ரூம் அலமாரியில வச்சா மறுநாளே டேபிளுக்குத் திரும்பி வந்துடும். கை நீட்டினா எட்டுற தூரத்துலதான் வைக்கணும்.

ரெண்டாவது வேலை, பழைய நியூஸ்பேப்பரை நீங்க வாங்க நினைக்கிற டேபிள் அளவுக்கு ஒட்டி, தரையில விரிச்சு வைக்கிறது. நாற்காலிகளை அதைச் சுத்திப் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே நடமாடுங்க. பாத்ரூம் கதவு இடிக்குதா, ஃப்ரிட்ஜ் கதவு முழுசா திறக்குதா, ராத்திரி தண்ணி குடிக்க வர்றவங்க முட்டிக்கிறாங்களான்னு ஒரே நாள்ல தெரிஞ்சுடும்.

இதுக்குப் பொதுவா சில அளவுகள் உண்டு. ஒருத்தர் முழங்கை இடிக்காம சாப்பிட 2 அடி அகலம் வேணும். நாற்காலியைப் பின்னாடி இழுத்து உட்கார, டேபிள் ஓரத்துல இருந்து குறைஞ்சது 2 அடி. உட்கார்ந்திருக்கிறவருக்குப் பின்னாடி இன்னொருத்தர் நடந்து போகணும்னா 3 அடி. டேபிள் உயரம் 30 அங்குலம், நாற்காலி இருக்கை 18 அங்குலம். இது வெளியூர் கணக்கு. நம்ம ஊர் கணக்கு ஒண்ணு இருக்கு, வாழை இலை. எதிரெதிரே ரெண்டு இலை போட்டா, ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய ஒரு அடி ஆழம், நடுவுல சாம்பார், ரசம் வைக்க அரை அடி. ஆக, 2½ அடி அகலம் இருந்தா பொங்கல், தீபாவளி எல்லாம் சமாளிச்சுடலாம்.

இந்தக் கணக்கை எங்க 8 அடி அகலத்துல போட்டுப் பார்த்தேன். டேபிள் 3 அடி. ரெண்டு பக்கமும் உட்கார, நடக்க 3 அடி வீதம் 6 அடி. மொத்தம் 9. இத்தனை வருஷமா எங்க வீட்டுல ஏன் யாராவது ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தரும் எழுந்து வழி விட வேண்டியிருந்ததுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

ஆசாரி சொன்ன தீர்ப்பு

பழைய டேபிளைக் கொடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன். பக்கத்து ஃபிளாட்டுக்கு வார்ட்ரோப் வேலைக்கு வந்திருந்த ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டேபிளுக்கு அடியில படுத்து, சட்டத்தை விரலால தட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதைப் போய் குடுக்குறேன்றியே. சட்டம் பூரா தேக்கு. மேல இருக்குற பிளைவுட்தான் ஊறிப் போச்சு. இப்ப விக்கிற டேபிள்ல பாதி அமுக்குன மரத்தூளு, தண்ணி பட்டா உப்பிக்கும்"னார்.

அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. குறைஞ்ச விலைக்கு வர்ற பல டேபிள்கள் பார்ட்டிக்கிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். மரத்தூளையும் நாரையும் பசை சேர்த்து அழுத்திச் செய்யிற பலகை. காய்ஞ்ச இடத்துல நல்லாவே உழைக்கும். ஆனா நம்ம வீட்டு டேபிள் மேல தினமும் ஈரத்துணி ஓடும், தண்ணிச் சொம்பு சாயும். ஓரத்துல ஒட்டின பட்டை கொஞ்சம் விட்டாலும் தண்ணி உள்ள இறங்கி, பலகை ஊதிடும். ஊதினா திரும்ப அமுங்காது. வீட்டுல பழைய மர டேபிள் இருந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி தலைகீழா கவிழ்த்து சட்டத்தையும் காலையும் பாருங்க. அது கெட்டியா இருந்தா மேல் பலகையை மட்டும் மாத்திக்கலாம்.

எங்க டேபிளை 4 அடிக்கு 2½ அடியா குறைச்சார். நாலு சட்டத்தையும் அறுத்து, திரும்ப முளை எடுத்து, கால்ல இறக்கினார். மேலே புதுசா பிளைவுட் போடாம, பழைய பலகையில ஊறின ஓரத்தை மட்டும் வெட்டிட்டு, நடுவுல நல்லா இருந்த பகுதியை வச்சுக்கிட்டார். அதுக்கு மேல புது மைக்கா. ரெண்டு நாள் கூலி, ஒரு முழு ஷீட், பசை, ஓரப் பட்டை எல்லாம் சேர்த்து 4,900 ரூபாய். மைக்கா வாங்கப் போறப்ப ஒண்ணு கவனிங்க: பளபளன்னு இருக்கிறதுல தட்டு வச்சு இழுத்த கீறல் எல்லாம் தெரியும். மங்கலான ரகத்துல தெரியாது. கன்னங்கரேல்னு இருக்கிறதும் வேண்டாம், தயிர் கறை கண்ணை உறுத்தும்.

நாற்காலி விஷயத்துல அவர் இன்னொரு யோசனை சொன்னார். சுவர் பக்கம் நாற்காலியே வேண்டாம், ஒரு பெஞ்ச் போடுங்கன்னார். பெஞ்சைப் பின்னாடி இழுக்கத் தேவையில்லை, சுவரோட ஒட்டிப் போட்டு பக்கவாட்டுல நுழைஞ்சு உட்காரலாம். இதனால மட்டும் எங்களுக்கு ஒன்றரை அடி வழி மிச்சமாச்சு. பெஞ்சுக்கு 1,800. ஆனா ஒரு எச்சரிக்கை. வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களை பெஞ்சுல உட்கார வைக்காதீங்க. எங்க அப்பாவுக்கு மூட்டு வலி. தரையில உட்கார்ந்து சாப்பிடுறதை விட்டு ரொம்ப நாளாச்சு. அவருக்கு சாய்மானம் வேணும், அதைவிட முக்கியம், எழுந்திருக்கும்போது கையை ஊன்ற ரெண்டு பக்கமும் கை வேணும். செட்டா வர்ற டைனிங் நாற்காலிகள்ல பெரும்பாலும் கை இருக்காது. ஆலந்தூர் பக்கம் பழைய சாமான் கடையில கை வச்ச மர நாற்காலி ஒண்ணு 1,500 ரூபாய்க்குக் கிடைச்சது. மத்த நாற்காலிகளோட அது சேரவே இல்லை. டேபிள் தலைமாட்டுல தனியா போட்டதும், வேணும்னே அப்படி வச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்பாவுக்கு ஒரு ஜமீன்தார் தோரணை வேற. மூணு பழைய நாற்காலிக்கு ரெக்ஸின் மாத்த 1,200.

சாம்பார் ஏன் சாம்பல் நிறத்துல தெரியுது?

இந்த மொத்த வேலையிலும் காசுக்கு அதிகமா பலன் கொடுத்தது வெளிச்சம்தான். டேபிளைக்கூட தொட வேண்டாம், இதை மட்டும் பண்ணுங்கன்னு சொல்லுவேன்.

நம்ம வீடுகள்ல டைனிங்குக்கு ஒரு டியூப் லைட், அதுவும் ஏதாவது ஒரு சுவர்ல. அதுக்கு முதுகைக் காட்டி உட்கார்றவங்க தட்டு மேல அவங்க நிழலே விழும். இது ஒரு பிரச்னை. ரெண்டாவது, நிறம். பல்பு அட்டைப்பெட்டியில 6500கே, 4000கே, 3000கேன்னு போட்டிருக்கும். கே என்றால் கெல்வின், வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு. எண் கூடக் கூட நீலம் தட்டும், குறையக் குறைய மஞ்சள் தட்டும். நாம வாங்குற பளீர் வெள்ளை பெரும்பாலும் 6500கே. படிக்க, பாத்திரம் விளக்க நல்லது. ஆனா நம்ம சாப்பாடு முழுக்க மஞ்சள், சிவப்பு, பழுப்பு. நீலம் தட்டுற வெளிச்சத்துல சாம்பார் செத்துப்போன மாதிரி தெரியும். 2700கே அல்லது 3000கே போட்டுப் பாருங்க, அதே சாம்பார் கல்யாண வீட்டு சாம்பார் மாதிரி தெரியும். ருசிக்கு நான் பொறுப்பில்லை. பெட்டியில சி.ஆர்.ஐ-ன்னு இன்னொரு எண் இருந்தா அதையும் பாருங்க. 100-க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவுக்கு பொருள்களோட நிறம் உள்ளபடி தெரியும். 90 இருந்தா நல்லது.

இன்ஸ்டாகிராம்ல பார்க்குற டைனிங் ஹால் எல்லாத்துலயும் டேபிளுக்கு மேல ஒரு விளக்கு தொங்கும். டேபிள்ல இருந்து 30 முதல் 36 அங்குலம் மேல தொங்கவிடணும்னு சொல்லுவாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா அந்த வீடுகள்ல ஃபேன் கிடையாது. இங்க சித்திரையில ஃபேன் இல்லாம ஒரு கவளம் இறங்குமா? நடுவுல ஃபேன் இருந்தா அதே இடத்துல விளக்கு தொங்க வழியில்லை. ஃபேன் றெக்கைக்கு மேல, சீலிங்ல விளக்கு போட்டா, றெக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி டேபிள் மேல படபடன்னு நிழல் ஓடும். பத்து நிமிஷத்துல தலைவலி வரும்.

அதனால றெக்கைக்குக் கீழே, சுவர்ல விளக்கு. பெஞ்ச் போட்ட சுவர்ல, தரையில இருந்து 5 அடி உயரத்துல ரெண்டு முனை உள்ள ஒரு சுவர் விளக்கு. 9 வாட் எல்.இ.டி. ரெண்டு, 3000கே. பல்பு நேரா கண்ணுல படாத மாதிரி மூடி உள்ளதா பார்த்து வாங்கினோம். எலெக்ட்ரீஷியன் கூலி, வயர், விளக்கு, பல்பு மொத்தம் 2,690. பழைய டியூப் லைட்டைக் கழட்டல. மீன் குழம்பு அன்னிக்கு முள் தெரியணும்னு அப்பா உத்தரவு. வயசாக ஆக கண்ணுக்குள்ள போற வெளிச்சம் குறையும், அதனால அவர் கேட்டது வீண் பிடிவாதம் இல்லை.

வாடகை வீடா இருந்தா சுவரைத் தொட வேண்டாம். பிளக்ல சொருகுற மேஜை விளக்கு ஒண்ணு ஃப்ரிட்ஜ் மேலயோ அலமாரி மேலயோ வச்சு, சுவர் பக்கம் திருப்பிவிட்டாலே போதும். சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் மென்மையா இருக்கும். காலி பண்ணும்போது எடுத்துட்டுப் போயிடலாம்.

பெயின்ட்டுக்கு முன்னாடி பாலித்தீன்

பாத்ரூமை ஒட்டின சுவர்ல அடியில உப்பு பூத்து, பெயின்ட் பொரிஞ்சிருந்தது. அது மேல எந்த விலைக்கு பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கே உரியும். ஈரம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: ஒரு பாலித்தீன் ஷீட்டை சுவர்ல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி ஈரம் இருந்தா சுவருக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் இருந்தா அறைக் காத்துல இருக்கிற ஈரம். எங்களுக்கு உள்பக்கம். பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல இருந்த சிமென்ட் கரைஞ்சு போயிருந்தது. அதை முதல்ல அடைச்சு, மூணு வாரம் காய விட்டோம். தம்பிக்கு அந்த மூணு வாரமும் பொறுமை இல்லை. எனக்கும்தான்.

ஒரே ஒரு சுவர் மட்டும் அடர் நிறம் அடிக்கிறது இப்ப ஃபேஷன். ஜன்னல் இல்லாத இடத்துல அது வெளிச்சத்தைக் குடிச்சுடும், எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. நாங்க பண்ணினது பழைய அரசாங்கப் பள்ளிக்கூடத்து வழி. தரையில இருந்து 3 அடி வரை செம்மண் நிறத்துல எனாமல், அதுக்கு மேல வெண்மை. அந்தக் காலத்துல பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் ஏன் அப்படி அடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? கை படுற, கால் படுற, முதுகு சாயுற உயரம் அதுதான். மஞ்சள் கை பட்டாலும் ஈரத்துணியால துடைச்சுடலாம். பெயின்ட், பட்டி, ஒரு நாள் கூலி எல்லாம் 2,600. மேல் பாதியை நாங்களே அடிச்சோம். அந்த லட்சணம் சீலிங் ஓரத்துல தெரியும், விருந்தாளி யாரும் அவ்வளவு மேல பார்க்கிறதில்லை.

வாஷ் பேசினை மாத்த பட்ஜெட் இல்லை. போர் தண்ணியோட வெள்ளைக் கறைக்கு சிட்ரிக் ஆசிட் போதும். கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க. வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சு தேய்ச்சா போயிடும். பக்கத்துல கடப்பா கல்லோ மார்பிளோ இருந்தா அது மேல படாம பார்த்துக்கங்க. அதுவும் சுண்ணாம்புக் கல்தான், அமிலம் பட்டா அரிச்சு மங்கிடும்.

கண்ணாடிக்காக ஒரு சனிக்கிழமை பழவந்தாங்கல்ல ரயில் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, தேவராஜ முதலி தெருவுக்குப் போனோம். கண்ணாடி, ஃபிரேம் கடைகள் வரிசையா இருக்கிற தெரு. 3 அடிக்கு 2 அடி, மரச் சட்டத்தோட 1,400 ரூபாய்க்கு முடிஞ்சது. திரும்பி வர்றப்ப ரயில்ல அதைப் பிடிச்சுக்கிட்டு நின்ன தம்பி முகத்தைப் பார்க்கணுமே! கண்ணாடியை எங்க மாட்டுறதுங்கறதுக்கு ஒரே விதி: எதை ரெண்டா பார்க்க ஆசையோ அதுக்கு எதிர்ல. எங்களுக்கு ஹால் பால்கனி கதவு. அதுக்கு எதிர்ல மாட்டினதும் டைனிங்குக்கு ஒரு ஜன்னல் வந்த மாதிரி ஆச்சு. பாத்ரூம் கதவுக்கு எதிர்ல மாட்டியிருந்தா ரெண்டு பாத்ரூம் கதவு ஆகியிருக்கும். உட்கார்ந்து சாப்பிடுறவங்க முகத்துக்கு நேராவும் வேண்டாம், தான் மெல்லுறதைத் தானே பார்க்க யாருக்கும் பிடிக்காது.

துணிக்கு 900 ரூபாய். கோ-ஆப்டெக்ஸ்ல ஒரு கெட்டியான பருத்தி விரிப்பு, தட்டுக்கு அடியில போட நாலு கோரைப் பாய்த் துண்டு. பத்தமடைப் பாய் மாதிரி சன்னமானது இல்லை, சாதாரண ரகம். நல்ல பத்தமடைப் பாய் மேல ரசம் கொட்டினா மனசு தாங்காது. கோரை ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், சாப்பிட்டதும் துடைச்சு நிமிர்த்தி வச்சுடணும். சூடான பாத்திரத்துக்கு அம்மா பரண்ல இருந்து எடுத்துக் கொடுத்தது பாட்டியோட பிரிமணை. கயித்தால சுத்தினது, செலவில்லை.

அந்த 11 அடி

இவ்வளவும் பண்ணி முடிச்ச அன்னிக்கு ராத்திரியும் தோசை. எல்லாம் அழகா இருந்தது. அம்மா நின்னுக்கிட்டுதான் சாப்பிட்டாங்க.

1926-ல ஜெர்மனியோட ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகளுக்கு மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஒரு சமையலறை வடிவமைச்சார். சமைக்கிறவங்க எத்தனை அடி நடக்கிறாங்க, எதுக்குத் திரும்புறாங்கன்னு கணக்குப் பார்த்து, ரயில் சாப்பாட்டுப் பெட்டியோட சின்ன சமையலறையை மாதிரியா வச்சு போட்ட வடிவம். இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதோட முன்னோடி அதுதான். நடை குறைஞ்சது. ஆனா பின்னால வந்த பெண்ணியவாதிகள் அதுல ஒரு குறை சொன்னாங்க: அந்த அறையில ஒருத்தர்தான் நிக்க முடியும், மத்தவங்க சிரிச்சுப் பேசிச் சாப்பிடும்போது சமைக்கிற பெண் கதவுக்கு அந்தப் பக்கம் தனியா நிக்கிறா. எங்க வீட்டு கிச்சன் 7 அடிக்கு 6 அடி. ஃபிராங்க்ஃபர்ட்டே தேவலாம்.

அம்மாவை டேபிளுக்கு வரச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அடுப்பைத்தான் டேபிளுக்குக் கொண்டுவரணும்னு அப்பதான் உறைச்சது. அக்கா கல்யாணத்துக்கு வந்த இண்டக்‌ஷன் அடுப்பு ஒண்ணு பிரிக்காமலே கிடந்தது. ஆனா டைனிங்ல இருந்தது சின்ன பிளக் பாயின்ட். இதை மட்டும் கவனமா படிங்க. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்ல அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சின்ன பாயின்ட் தாங்குறது 6 ஆம்பியர். அடாப்டர் போட்டு சொருகினா வேலை செய்யும், ஆனா வயர் சுவருக்குள்ளேயே சூடாகும், வெளியே தெரியாது. தனியா 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேணும். மெயின் போர்டுல இருந்து 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், அதுக்குன்னு தனி எம்.சி.பி. எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை சோதிச்சுக் காட்டச் சொல்லுங்க. எங்களுக்கு 1,400 ஆச்சு. பாயின்ட்டை பெஞ்ச் சுவர்லயே வச்சோம். வயர் நடைபாதையில கிடந்தா அப்பா கால்ல மாட்டும்.

மைக்கா சூட்டுல கெடாம இருக்க அடுப்புக்குக் கீழே ஒரு துண்டு கடப்பா கல். கல் கடையில மிஞ்சின துண்டு, சும்மாவே கொடுத்தாங்க. தோசைக்கல் அடியில காந்தம் ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டினா இண்டக்‌ஷன்ல சூடாகும். அடி தட்டையா இருக்கணும். இரும்புக் கல் மெதுவாத்தான் காயும், ஓரம் கேஸ் அடுப்பு அளவுக்கு முறுகாது, அதனால தோசை கொஞ்சம் சின்னதா ஊத்தணும். அம்மாவுக்கு இதுல இன்னும் வருத்தம் இருக்கு. பக்கத்துல 1,600 ரூபாய்க்கு மூணு தட்டு ஸ்டீல் டிராலி. மேல மாவும் எண்ணெயும், நடுவுல சட்னி, ஊறுகாய், கீழே தட்டு, டம்ளர். அப்பா மாத்திரையும் அதுலதான்.

கூட்டிப் பார்த்தா 19,990. அந்த வண்டிச் சத்தம் 1,200-ஐயும் சேர்த்தா 21,190. பட்ஜெட்டைத் தாண்டியாச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா டேபிள் ஓரத்துல, பழைய நாற்காலியில உட்கார்ந்து தோசை ஊத்தினாங்க. முதல் தோசை அப்பாவுக்கு, ரெண்டாவது தம்பிக்கு. மூணாவதை எனக்குன்னு தட்டை நீட்டினேன். "இரு, இது எனக்கு"ன்னு அவங்க தட்டுல போட்டுக்கிட்டு, "அந்த ஃபேனை ஒண்ணுல வைடி, கல்லு காய மாட்டேங்குது"ன்னாங்க.